துலுக்காணம் லாரிக்கு டீசல் என்ஜின் வைத்த வருஷம்

கோவளத்துச் செல்வம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுபதுகளில் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வாங்கியவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிற ஆபீஸ்காரரிடம், "பொண்ணு பாக்க வந்தியா சார், மீனு வாங்க வந்தியா?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவாள். அந்த மனுஷரும் வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டு போவார். அப்பேர்ப்பட்ட வாய், பேசியே ஆகவேண்டிய ஓர் இடத்தில் பேசாமல் இருந்துவிட்டது. அந்தச் சங்கதிதான் இது.

கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் அவள் புருஷன் கட்டுமரத்தோடு போனான், போனவன் போனவன்தான். அழ வேண்டிய மட்டும் அழுதாள். அண்ணன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னார்கள். "உக்காந்து துன்ற சோறு தொண்டையில முள்ளா நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் தூக்கினாள். அதோடு அவள் அழுகைக் கணக்கு தீர்ந்தது என்றுதான் ஊர் நினைத்தது.

கடலோரத்து மீன்காரிகளுக்குப் பெரிய பேஜார் எது என்றால், பஸ்தான். கூடையைக் கண்டதுமே கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிடுவார். நாற்றமாம். வீட்டில் அதே மீனைக் குழம்பு வைத்துத் தின்னும்போது மட்டும் நாற்றம் தெரியாது! கேளம்பாக்கம் வரை நடந்து, அங்கிருந்து கிடைத்த வண்டியில் தொற்றித் தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், மீன் விலை இறங்கிவிடும். அதனால் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த கிளியம்மாள், ஊரப்பாக்கத்துத் துலுக்காணத்தைப் பிடித்து, அவருடைய லாரியை விடிகாலையில் கோவளத்துக்கு வரவழைத்தாள். பெண்கள் பின்னால் கூடைகளோடு ஏறிக்கொள்வார்கள். கேளம்பாக்கம், வண்டலூர், தாம்பரம். மார்க்கெட் திறக்கும்போது இவர்கள் கடை விரித்திருப்பார்கள்.

துலுக்காணத்தின் லாரி உலக யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட பட்டாள வண்டி. பெட்ரோலில் ஓடுவது. வண்டிக்கும் வயசாகிவிட்டது, அவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. எப்போது பார்த்தாலும் லாரிக்கு அடியில் படுத்துக்கிடக்கிற மனுஷனுக்கு எவன் பெண் கொடுப்பான்? காலையில் வண்டி மக்கர் பண்ணினால் கார்பரேட்டரைப் பிரித்து, அதற்குள் இருக்கும் ஊசித்துவாரத்தை வாயால் ஊதிச் சுத்தம் பண்ணுவார். பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க, குழாயைக் கழற்றி அதன் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்ஜினைச் சுற்றச் சொல்வார். பெட்ரோல் வந்து கையை முட்டினால் எல்லாம் சரி என்று அர்த்தம். எட்டி நின்று பார்த்தால் தெரியாதா என்று யாராவது கேட்டால், கையில் படாததை நம்பமாட்டேன் என்பார்.

மற்ற பெண்களெல்லாம் அவரை அண்ணா என்று கூப்பிட்டார்கள். செல்வம்மாள் மட்டும் "டிரைவரே" என்பாள். கிளியம்மாள் இதைக் கவனித்திருந்தாள். கிளியம்மாள் கண்ணில் படாதது கடலில் கூடக் கிடையாது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பெட்ரோல் விலை திடீரென்று ஏறிய வருஷம் வந்தது. பட்டாள லாரி பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். துலுக்காணம் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒருநாள் பெண்களிடம் வந்து, வண்டியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் டீசலுக்கு மாற்ற வேண்டும், வேறு வழியில்லை என்றார். நிறுத்துவதா! மறுபடி அந்த விசிலா, மூக்கைப் பொத்துகிற கையா! எத்தனை நாளானாலும் நடந்து சமாளிக்கிறோம், மாற்றி எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பினார்கள்.

குரோம்பேட்டையில் எட்மண்ட் மேஸ்திரி ஷெட் வைத்திருந்தார். பழைய பஸ் ஒன்றிலிருந்து இறக்கிய டீசல் என்ஜின் அவரிடம் இருந்தது. பெட்ரோல் என்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே வைத்தார்கள். புது என்ஜின் நீளம். ரேடியேட்டரை முன்னால் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. என்ஜினைத் தாங்கப் புதிதாக வெல்டிங் வைத்து, பழைய கியர்பாக்ஸோடு பொருந்துவதற்கு நடுவில் ஒரு இரும்புத் தட்டைக் கடைந்து போட்டார்கள். கார்பரேட்டர் போயிற்று, பிளக் போயிற்று. அவற்றின் இடத்துக்குப் பம்பும் நாசிலும் வந்தன. பம்ப் டீசலைப் பலமாக அழுத்தித் தள்ளும். நாசில் அதை என்ஜினுக்குள் புகையாகப் பீச்சும். பீச்சிய இடத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். பிளக் இல்லாமல் எப்படி நெருப்பு வரும் என்று துலுக்காணம் கேட்டுக்கொண்டே இருந்தார். எட்மண்டும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எல்லாம் பூட்டி ஓட்டிப் பார்த்தபோது ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை. எட்மண்ட் அந்த நாசிலைக் கழற்றி, வெளியே பார்த்தமாதிரி குழாயில் மாட்டினார். பீச்சுகிறதா என்று தள்ளி நின்று பார்க்கச் சொல்லிவிட்டு, தான் உள்ளே ஏறி ஸ்டார்ட்டரை அழுத்தினார். துலுக்காணம் தள்ளித்தான் நின்றார். நாசில் முனையில் மெல்லிசாகப் புகை தெரிந்தது. அவருக்குக் கண்ணால் பார்த்தது போதவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், இடது உள்ளங்கை தானாகப் போய் முன்னால் நின்றது.

சுருக்கென்றது. எடுத்துப் பார்த்தால் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. சொன்னபேச்சைக் கேட்காத வெட்கத்தில் எட்மண்டிடம் மூச்சு விடவில்லை, வேட்டியில் துடைத்துக்கொண்டார். பம்பு தள்ளுகிற வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போயிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கார்பரேட்டர் அவரை ஒருநாளும் குத்தியதில்லை.

சாயங்காலம் லாரி கோவளத்துக்குள் வந்தது. சத்தத்தைக் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். துலுக்காணம் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. டீசல் என்ஜினை நிறுத்தத் தனியாக ஒரு குமிழை இழுக்கவேண்டும்; அதை மறந்துபோனார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வம்மாள், "வண்டி உன்ன வுட்டுட்டுப் பூடப்போவுது டிரைவரே" என்றாள். அவர் சிரிக்கவில்லை. இடது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். செல்வம்மாளின் சிரிப்பு நின்றுபோயிற்று.

கையை வாங்கிப் பார்த்தாள். புறங்கை வீங்கிப் பளபளவென்றிருந்தது. விரல் மடங்கவில்லை.

"இன்னா குத்துச்சி?"

"நாசிலு."

"அது இன்னா மீனு?"

வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனில்லை, என்ஜின் சாமான் என்று விளக்கினார். அவள் புள்ளியை மறுபடி உற்றுப் பார்த்தாள். மேலே ஒன்றுமில்லை, உள்ளே இத்தனை வீக்கம். கடலோரத்தில் பிறந்தவளுக்கு இதைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? திருக்கை மீன் முள் குத்தினாலும் இப்படித்தான், மேலே புள்ளி, உள்ளே விஷம். அதற்கு வைத்தியம் சூடு. பொறுக்கிற மட்டும் சூடான தண்ணீரில் கையை வைத்திருந்தால் விஷம் முறிந்துவிடும். கோவளத்தில் எத்தனையோ பேர் அப்படிப் பிழைத்திருக்கிறார்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து அகலச் சட்டியில் ஊற்றி, கையை உள்ளே விடச் சொன்னாள். அவர் வெடுக்கென்று இழுத்தார். அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டாள். ஆற ஆற வேறு தண்ணீர் ஊற்றினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருந்தார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், அந்தக் கை தன் கைக்குள் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாளோ என்னவோ, பிற்பாடு அவள் தன்னைத்தானே கேட்டுக் கேட்டுக் குமைந்தது அதைத்தான்.

விடிந்து பார்த்தால் கை நீலம் பாரித்து முழங்கை வரை வீங்கியிருந்தது. லாரி நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. முதல் பஸ்ஸை மறித்தாள். செல்வம்மாளைப் பார்த்ததும் கண்டக்டரின் கை வழக்கம்போல விசிலுக்குப் போனது. பிறகு அவள் தாங்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். முன்சீட்டில் இருந்தவர்களை எழுப்பி இடம் பண்ணிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, குத்தியது என்ன, பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். துலுக்காணம் வெந்நீர் வரை சொன்னார். தடுப்புத் துணிக்கு வெளியே நின்ற செல்வம்மாள் டாக்டர் சொன்னதைக் கேட்டாள். எண்ணெய் உள்ளே பரவியிருக்கிறதாம். இதற்குச் சூடு காட்டவே கூடாதாம். வீக்கம் கூடி ரத்தம் ஓடாமல் போய்விடுமாம். உடனே கிழித்து எடுக்க வேண்டும், விரல் தங்குமா என்று சொல்ல முடியாது, தாமதித்தால் கையே போகும் என்றார்.  செல்வம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். டிரைவருக்குக் கைதானே எல்லாம்? அந்தக் கையை வேகவைத்தது இவள் கைதானே!

நர்ஸ் ஹில்டா வேகமாக வெளியே வந்தார். துலுக்காணத்தோடு வந்தது யார், ஆபரேஷனுக்குச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்று கேட்டார். செல்வம்மாள் காதில் பாதிதான் விழுந்தது.

"நீங்க அவருக்கு யாரும்மா?"

"நாந்தாம்மா அவரு கையப் புடிச்சவ" என்றாள் செல்வம்மாள். சட்டியில் அழுத்திப் பிடித்ததைத்தான் சொன்னாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் அழுகிற அழுகை அது.

ஹில்டாவுக்கு அது வேறு மாதிரி கேட்டது. கைப்பிடித்தவள் என்றால் தமிழில் வேறென்ன அர்த்தம்? "அழாதீங்க, சம்சாரமே இப்படி அழுதா எப்படி? வந்து கைநாட்டு வைங்க" என்று தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

கட்டைவிரலில் மை பட்டபோதுதான் செல்வம்மாளுக்கு விஷயம் புரிந்தது. ஐயோ, நான் சம்சாரமில்லை, மீன்காரி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? சொந்தக்காரரைக் கூட்டிவா என்பார்கள். அவருக்கு யார் இருக்கிறார்கள்? எங்கேயோ ஒரு சித்தப்பா மகன். அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் கை போய்விடும். தாம்பரம் மார்க்கெட்டையே வாயடைக்க வைத்த செல்வம்மாள் வாயை மூடிக்கொண்டு விரலை அழுத்தினாள்.

கை தப்பியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கட்டைவிரல் இருந்தும் மடங்கவில்லை.

மார்க்கெட்டுக்குப் போகாமல் தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். வார்டில் எல்லாரும் அவளைத் துலுக்காணத்தின் சம்சாரம் என்றே சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டு கம்மென்று இருந்தார். தெம்பு வந்த ஒருநாள், "நர்ஸம்மா உன்ன என் சம்சாரம்னு சொல்லுதே" என்றார்.

"அவங்களுக்குக் காது சரியில்ல."

"எனுக்கு நல்லாதான் கேக்குது" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றுதான் எல்லாவற்றையும் கொட்டினாள். வெந்நீர் வைக்காமல் இருந்திருந்தால் விரல் தங்கியிருக்கும், உன் பிழைப்பைக் கெடுத்தவள் நான், என்னைத் திட்டவாவது திட்டு என்று அழுதாள். அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தள்ளி நில்லுன்னு எட்மண்டு சொன்னாரு, நான் கைய நீட்டுனேன். நீ அத நல்லாக்கணும்னு புடிச்ச. நான் உன் மேல கோவப்பட்டா, என் கையி என் மேல எவ்ளோ கோவப்படணும்?"

அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை. வண்டியை அவர் மறுபடி ஓட்டினால்தான் ஆறும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அது நடக்கும்போலத் தெரியவில்லை. லாரியில் கியர் போடுவது இடது கை. பழைய பட்டாள கியர்பாக்ஸ் வேறு. முரட்டுத்தனமாகப் பிடித்து இழுத்தால்தான் விழும். துலுக்காணம் முயன்று பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. எட்மண்ட் தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று கலங்கிப்போனார். பல்லாவரத்தில் ஜல்லி அடிக்கிறவர் ஒருவர் லாரியைக் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்றார். துலுக்காணமும் தலையாட்டினார். பெருங்களத்தூரில் ஏதோ கம்பெனியில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம், பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதைச் சொல்லும்போது லாரியின் பக்கம் அவர் திரும்பவேயில்லை. செல்வம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை.

"உனுக்கு எடது கைதான கம்மி? எனுக்கு ரெண்டு கீது" என்றாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எட்மண்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். துலுக்காணம் கிளட்ச்சை மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்து இவள் கியர் போடுவதா? உலகத்தில் எவனாவது இப்படி லாரி ஓட்டியிருக்கிறானா? மீன் கூடையைத் தவிர எதையும் தொட்டிராதவள்! செல்வம்மாள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளை இறக்க அந்த ஊரில் ஆளில்லை.

கோவளத்து உப்பளத்துப் பக்கம் வண்டியைக் கொண்டுபோய்ப் பழகினார்கள். அவர் "செகண்டு" என்பார், இவள் இழுப்பாள், வண்டி கரகரவென்று பல்லைக் கடிக்கும். இவள் இழுக்கும்போது அவர் கால் எடுத்திருப்பார். அவர் மிதித்திருக்கும்போது இவள் கை தூங்கும். அவர் சத்தம் போட்டால் இவள் இரண்டு பங்கு சத்தம் போடுவாள். உப்பு வாருகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வாய் ஓய்ந்துபோய் ஒருநாள் இருவரும் பேசாமல் ஓட்டியபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது. என்ஜின் தானே சொல்லுகிறது. சத்தம் கனத்தால் கியரைக் குறைக்க வேண்டும், பறந்தால் கூட்ட வேண்டும். அவருக்கும் இந்த டீசல் சத்தம் புதுசு, அவளுக்கும் புதுசு. ஒன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? முதல் சவாரிக்கு முந்தின நாள் கிளியம்மாள் வந்தாள். "அண்ணான்னு ஒருவாட்டி கூப்புட்டுட்டு ஏறு. ஊரு கம்முனு ஆயிடும்" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள்.

"வாய்ல வராத வார்த்தைய எப்டிக்கா சொல்லுவேன்?" என்றாள் செல்வம்மாள்.

கிளியம்மாள் எழுந்துகொண்டாள். பிறகு, அப்படியானால் முன்சீட்டில் நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிகாலையில் கூடைகளும் பெண்களும் ஏறிய பிறகு லாரி கிளம்பியது. கேளம்பாக்கம் வரை மேடில்லை, ஒரு தடவைதான் பல்லைக் கடித்தது. பின்னாலிருந்து பெண்கள் ஓவென்று சத்தம் போட்டார்கள். வண்டலூர் மலையோரத்து ஏற்றத்தில்தான் சோதனை வந்தது. பாரத்தோடு அந்த மேட்டில் கியர் தவறினால் வண்டி பின்னால் உருளும்; பின்னால் இருப்பது கூடை மட்டுமில்லை, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும். துலுக்காணத்தின் நெற்றி வியர்த்தது. செல்வம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கனத்தது. அவர் வாய் திறப்பதற்குள் அவள் கைகள் கியர் குமிழில் இருந்தன. அதே நொடியில் அவர் கால் கிளட்ச்சில் இருந்தது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. லாரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது.

மேடு தாண்டிச் சமதரைக்கு வந்ததும் அவள் டாப் கியர் போட்டாள். குமிழிலிருந்த அவள் இரண்டு கைகளின்மேல் மூன்று விரல்களோடு அவர் கை வந்து உட்கார்ந்தது. இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வம்மாள் அழுதாள், துடைத்துக்கொள்ளக் கையை எடுக்க வேண்டுமே என்று துடைக்காமல் விட்டாள்.

தாம்பரம் வரைக்கும் கியர் மாற்ற அவசியமே வரவில்லை என்று இருவரும் சாதிப்பார்கள். பெருங்களத்தூரில் மாட்டுவண்டி குறுக்கே வந்தது, அதற்குக்கூடக் கியரைக் குறைக்காமல் ஹாரனை அடித்தே ஓட்டினார்கள், பாவம் என்ஜின் திணறிப்போயிற்று என்கிறாள் கிளியம்மாள்.